மனிலாவிலிருந்து வந்த மாதாவும் மக்ரூனும்

(பரமட்டாவில் நடந்து நேரலையிலும் ஒளிபரப்பான இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மண்ணின் மூத்த குடிகளான டாருக் மக்களுக்கு முதல் வணக்கம். இங்கே எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். இன்றைக்கு எனக்கு அதில் ஒரு சுயநலமும் இருக்கிறது. பரமட்டா என்ற பெயர் அவர்களுடையது. பர்ரமட்டகல் என்ற குலத்தாரின் பெயரிலிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் வந்து கிடக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆக, நாம் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு மீன் இருக்கிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை.

நான் வரலாறு படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா படித்தவள். தூத்துக்குடியில் பிறந்து, மஸ்கட்டில் நான்கு வருடம் வேலை செய்து, இங்கே வந்து சேர்ந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஊர். நான் தூத்துக்குடி என்று சொன்னால், "ஓ, எங்களுக்கு எதிர்க்கரை" என்பீர்கள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. எனக்குப் பகல் ஷிப்ட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டு டீ ரூமில் கைபேசியை நிறுத்தி வைத்து நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே காலை. தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேர் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் திருவிழா உண்டு. ஜூலை 26இல் கொடியேற்றி ஆகஸ்ட் 5இல் முடியும். தங்கத்தேர் ஒவ்வொரு வருடமும் கிடையாது. 1806இல் முதன்முதலாக ஓடியது. அதற்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் வருடத்தில் 2023இல் ஓடியதுதான் பதினாறாவது முறை. 2013இல் ஓடியபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். 2023இல் இங்கே இருந்தேன். இரண்டையும் தவறவிட்டவள் நான்.

என் பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸில் பீக்கோல் பகுதி, கமரினெஸ் சூர் மாகாணம், நாகா நகரத்துக்காரி. திரையை எட்டிப் பார்த்தாள். வெள்ளையும் பொன்னுமாக மாதா, கூட்டம், "மரியே வாழ்க" என்ற சத்தம். "இது எங்கள் ஊர் மாதிரி இருக்கிறதே" என்றாள். நான் பெருமையாகச் சொன்னேன்: "இந்தச் சுரூபமே உங்கள் நாட்டிலிருந்து வந்ததுதான். மனிலாவிலிருந்து."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும் கதையைத்தான் நான் சொன்னேன். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித சவேரியார், மாதாவின் சுரூபம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாராம். மனிலாவில் இருந்த அகுஸ்தீன் சபைக் கன்னியர்கள் அனுப்பி வைத்தார்களாம். சந்தலேனா என்ற கப்பலில் 1555இல் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியதாம். தஸ்நேவிஸ் மாதா என்றும் சொல்வோம். போர்த்துக்கீசிய மொழியில் பனி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பனியே விழாத ஊருக்குப் பனி மாதா. ஆகஸ்ட் மாதத்தில் ரோமாபுரியின் ஒரு குன்றில் பனி பெய்தது என்ற பழைய கதையிலிருந்து வந்த திருநாள். நல்ல வேளை, இங்கே ஆகஸ்ட்டில் குளிராவது இருக்கிறது.

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்படியென்றால் உன் அம்மாவும் என் அம்மாவும் சொந்தக்காரர்கள்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வருடம் எங்களுக்கு இதுதான் பேச்சு. அவள் ஊர்த் திருவிழாவும் என் ஊர்த் திருவிழாவும், அவள் ஊர்ப் பண்டமும் என் ஊர்ப் பண்டமும்.

அவள் ஊரில் பெனாபிரான்சியா மாதா. அங்கே 'இனா' என்பார்கள். இனா என்றால் அம்மா. செப்டம்பர் மாதத்தில் ஒன்பது நாள் நவநாள். அந்தச் சுரூபத்தை 1710 அளவில் உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் செதுக்கினார் என்கிறார்கள். நம்முடைய கோயில் கட்டி அர்ச்சித்தது 1713. கிட்டத்தட்ட ஒரே காலம். எங்களுக்குத் தேர், அவர்களுக்கு ஆறு. திருவிழாவின் முடிவில் மாதாவைப் படகில் ஏற்றி பீக்கோல் ஆற்றில் கொண்டுவருவார்கள். கரையெல்லாம் மெழுகுவர்த்தி. "விவா லா விர்ஹென்" என்று ஆண்கள் கத்துவார்கள். மாதா வரும் படகில் பெண்கள் ஏறக் கூடாது என்பது பழைய வழக்கம். "அம்மா ஏறலாம், மகள் ஏறக் கூடாதா?" என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். நாம் சாப்பாட்டுக்குப் போவோம்.

பீக்கோல் சமையல் என்றால் தேங்காய்ப்பாலும் மிளகாயும். சேம்பு இலையைக் காயவைத்துத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது 'லைங்'. இன்னொன்று 'கினுநோத்': சுறாவையோ திருக்கையையோ வேகவைத்து உதிர்த்து, தேங்காய்ப்பால், மிளகாய், முருங்கைக்கீரை சேர்த்துச் செய்வது. உதிர்த்த சுறா என்றதும் எனக்குச் சுறாப்புட்டு. ஆனால் என்னை நிறுத்தியது முருங்கைக்கீரைக்கு அவள் சொன்ன பெயர். மலுங்கை! மலாய்க்காரர் மெருங்கை என்கிறார்கள். எது எங்கே போனது என்பதை மொழி படித்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது பிரசவ வார்டு. பிள்ளை பெற்ற பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அவள் தாய் மலுங்கை போட்ட சூப்பை பிளாஸ்கில் கொண்டுவருவாள், பால் ஊறுவதற்கு. நம் வீட்டில் பால்சுறாவும் முருங்கைக்கீரையும். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு திரைச்சீலைதான். வாசனை திரைச்சீலையைப் பார்த்தா வரும்?

அப்புறம் புட்டு. நம்மவர் குழல்புட்டு, அவர்கள் 'புத்தோ'. டிசம்பர் 16இலிருந்து 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, கோயில் வாசலில் 'புத்தோ பும்போங்' வாங்கிச் சாப்பிடுவார்கள். கருநீல அரிசியை மூங்கில் குழலில் வைத்து அவித்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிக் கொடுப்பது. இதை அவள் படத்தில் காட்டியபோது பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, "ஐயோ, இது எங்கட புட்டு, ஊதா நிறத்தில" என்றார். தொதலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கீழக்கரையில் தொதல், இலங்கையில் தொதல், கோவாவில் கிறிஸ்துமஸுக்குத் தொதல், பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோவில் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் கிண்டிக் கிண்டிக் கை நோகிற பண்டம். எல்லாக் கரையிலும் கை நோவு ஒன்றுதான்.

தேங்காய்ப்பால் என்றதும் ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. எங்கள் மாவட்டத்தில் முதலூர் என்று ஓர் ஊர் உண்டு. 1799இல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் குடியேறிய முதல் ஊர், அதனால் முதலூர். அந்த ஊர்ப் பண்டம் மஸ்கோத் அல்வா. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால். மஸ்கட்டில் வேலை கிடைத்தபோது, அசல் அல்வா சாப்பிடப் போகிறேன் என்று போனேன். ஓமான் அல்வா குங்குமப்பூவும் பன்னீரும் நெய்யுமாக மணக்கிறது. தேங்காய் வாடையே கிடையாது. மஸ்கட்காரரிடம் முதலூரைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊர்ப்பெயர் பண்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது வேறு, பண்டம் அந்த ஊரிலிருந்தே வருவது வேறு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இப்போது மக்ரூன். தூத்துக்குடியில் 'மக்ரூன்' என்றுதான் சொல்வோம். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரை எழும்ப அடித்து, சீனியைச் சேர்த்து, பொடித்த முந்திரியை நுரை உடையாமல் கலந்து, காகிதக் கூம்பில் போட்டுத் தட்டில் பிழிவார்கள். கீழே அகலம், மேலே கூர். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். வேகுவது என்பதைவிட உலர்வது என்று சொல்லலாம். வாயில் வைத்தால் கரையும். கடைசியில் அடியில் மட்டும் கொஞ்சம் பல்லில் ஒட்டும். ஐரோப்பாவில் இதைப் பாதாம் பருப்பில் செய்தார்கள். எங்கள் ஊரில் பாதாமுக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். வந்தவர்கள் செய்த பண்டத்தில், வந்த மரத்தின் பருப்பைப் போட்டு, அதற்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டோம்.

சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்: வெள்ளைக்கருவை எடுத்துவிட்டால் மஞ்சள் எங்கே போகும்? "கேக்குக்குப் போகும், உனக்கு வராது" என்பாள். இதைப் பீக்கோல் தோழியிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள். அவர்கள் நாட்டில் கதை தலைகீழ். ஸ்பானியர் காலத்தில் கல் கோயில் கட்டும்போது சுண்ணாம்புச் சாந்தில் வெள்ளைக்கருவைக் கலந்தார்கள், மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் 'யேமா', 'லெச்சே பிளான்' போன்ற இனிப்புகள் பிறந்தன என்று சொல்வார்களாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கும் வெள்ளைக்கருதான் பளபளப்பு. ஆக, அவர்கள் வெள்ளையைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளைத் தின்றார்கள். நாங்கள் வெள்ளையைத் தின்றுவிட்டோம்.

"தின்றோம்" என்று சும்மா சொல்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஊரே பெருமைப்படும் அந்தப் பண்டம் எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒரு முறை வரும், ஆகஸ்ட் 5இல். நூறு கிராம். ஐந்து பேர். அம்மா எண்ணிக் கொடுப்பாள். மற்ற நாள்களில் திருவிழாக் கடையில் சீனி மிட்டாயும் கருப்பட்டி மிட்டாயும். திருநாளன்று ஆட்டுக்கறி, எங்கள் தெருவில் மீன் தினமும் வேகும், அதனால் திருநாள் என்றால் மீன் இல்லாத நாள். 'தூத்துக்குடி என்றால் மக்ரூன்' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தி, யாருக்கு என்று கேட்க வேண்டும். இந்தக் கரையின் பசியையும் திருவிழாவையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' இருக்கிறது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' இருக்கிறது. 2013இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். மக்ரூன் வாங்க முடியாத வீடுகளின் வாசனை அந்தப் புத்தகங்களில் உண்டு.

தோழிக்கு மனிலாக் கதையை ஒழுங்காக எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். அவள் தன் ஊர்ப் பங்குக் குழுவில் படிக்க வேண்டும் என்றாள். தேதிகளைச் சரிபார்த்தேன். ஸ்பானியர் லெகாஸ்பியின் தலைமையில் செபு தீவில் வந்து காலூன்றியது 1565இல். அகுஸ்தீன் சபைக் குருக்கள் அந்தக் கப்பல்களில்தான் வந்தார்கள். மனிலாவை ஸ்பானிய நகரமாக்கியது 1571இல். எங்கள் சுரூபம் வந்ததாகச் சொல்லும் வருடமோ 1555. பதினாறு வருடம் உதைக்கிறது. 1555இல் மனிலாவில் கன்னியர் மடம் இருந்திருக்க வழியில்லை. சவேரியாரும் 1552இலேயே இறந்துவிட்டார்.

இரண்டு மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன், மருந்து அளவைச் சரிபார்ப்பது போல. வருடம் தப்பா, ஊர்ப்பெயர் தப்பா? போர்த்துக்கீசியர் கையில் மலாக்கா இருந்தது. சவேரியார் அங்கே போயிருக்கிறார். கிழக்கிலிருந்து வந்த எந்தக் கப்பலையும் பிற்காலத்தில் மனிலாக் கப்பல் என்று சொல்லியிருக்கலாம். இது என் ஊகம், அவ்வளவுதான். மஸ்கோத் அல்வாவுக்கு வந்த மஸ்கட் மாதிரி, மாதாவுக்கு மனிலா வந்திருக்குமோ?

தோழியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பம் மாதா எங்கேயிருந்து வந்தாவளாம்?"

"தெரியலம்மா."

"தெரியலேல்லா? பொறவு என்னத்துக்கு ஏட்டி ஊரெல்லாம் போயி சொல்லுத?"

பிறகு, அந்தப் பிலிப்பைன்ஸ்காரிப் பிள்ளை சாப்பிட்டாளா என்று விசாரித்தாள்.

2024 மே மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பாதி போயிற்று. விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யவில்லை. மசித்த உணவு மட்டும், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். சரியான ஆலோசனை. இங்கே இதே வேலையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன். ஜூன் மாதம் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு, விடுப்பு முடிந்து திரும்பினேன்.

ஆகஸ்ட் 5 வந்தது. சித்தி வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். மடியில் மக்ரூன் பொட்டலம். அம்மா விரலால் அதைக் காட்டுகிறாள். சித்தி கேட்டாள்: "வாயில வச்சா கரைஞ்சிருமே, ஒரு சின்னத் துணுக்கு குடுக்கட்டா?" நான் கூடாது என்றேன். உலர்ந்து உதிரும் பண்டம், தூள் மூச்சுக்குழாயில் போகும், நிமோனியா வரும் என்று விளக்கினேன். வார்டில் உறவினர்களிடம் பேசும் குரலில் விளக்கினேன். சித்தி பொட்டலத்தை மூடி வைத்தாள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமில்லை. எனக்கு வேலை நேரம் ஆகிவிட்டது என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

செப்டம்பரில் அம்மா போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பா என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். விழுங்குதல் சிகிச்சை செய்கிறவர்களிடமும் கேட்டேன். விதியின்படி சரி என்றார்கள். ஒருத்தி மட்டும், முடிவு நெருங்கியவர்களுக்கு ஆபத்தைத் தெரிந்துகொண்டே அவர்கள் விரும்பியதைக் கொஞ்சம் கொடுப்பதும் உண்டு, குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள் என்றாள். எனக்கும் அது தெரியும். வேறு குடும்பங்களை உட்கார வைத்து நானே பேசியிருக்கிறேன். என் அம்மாவோடு நான் பேசவில்லை. விளக்கிவிட்டு வைத்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள், பீக்கோல் தோழி டீ ரூமில் ஒரு தட்டை வைத்தாள். 'பீகோ'. ஒட்டும் அரிசியும் தேங்காய்ப்பாலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டியது. அவர்கள் ஊரில் இறந்தவருக்கு ஒன்பது நாள் ஜெபம் சொல்வார்கள். ஒன்பதும் தன் வீட்டில் சொன்னதாகச் சொன்னாள். என் அம்மாவின் பெயரை எப்படி உச்சரித்தாளோ தெரியாது. "சொந்தக்காரி இல்லையா, நான் சொல்லாமல் யார் சொல்வது?" என்றாள்.

அன்றைக்குத்தான் வருடக் கணக்கை அவளிடம் சொன்னேன். 1555, 1565, 1571. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கப்பல் கணக்கு எழுதுகிறவர்கள் எப்போதும் தப்பாகத்தான் எழுதுவார்கள். என் அப்பா கப்பலில் இருந்தவர்" என்றாள். பிறகு பீகோவை என் பக்கம் தள்ளினாள்.

நான் இன்னும் 1555ஐ நம்பவில்லை. பங்குக் குழுவுக்கு எழுதிக் கொடுத்ததில், 'எங்கள் ஊர் மரபு இப்படிச் சொல்கிறது, ஆண்டு பொருந்தவில்லை' என்று இரண்டையும் எழுதினேன். அவள் இரண்டையும் படித்துக் காட்டினாளா, முதல் பாதியை மட்டும் படித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் இன்று வந்திருக்கிறாள், பின்வரிசையில். தமிழ் தெரியாது. ஆனால் நான் மனிலா என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள், பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வென்ட்வொர்த்வில்லில் என் வீட்டு அடுப்பில் மக்ரூன் செய்து பார்த்தேன். முதல் நான்கு தடவை தோசை மாதிரி படுத்துவிட்டது. சூடு அதிகம். ஐந்தாவது தடவை ராத்திரி முழுக்க மிகக் குறைந்த சூட்டில் வைத்தேன்; மின்சாரக் கட்டணத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூம்பு கோணலாக இருக்கிறது, கூர் இல்லை. வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் தோழி செய்த புத்தோ. மஞ்சள் கரு வீணாகவில்லை, அவள் எடுத்துப்போய் லெச்சே பிளான் செய்துவிட்டாள், அதுவும் இருக்கிறது. முட்டையோ பருப்போ ஒத்துக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து மக்ரூனைத் தொட வேண்டாம். விழுங்கச் சிரமம் உள்ள பெரியவர்கள் இருந்தால், சாப்பிடும் முன் என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.